காலராக் கிருமியில் எத்தனை வகை, ஊரைப் படுக்கவைப்பது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2022 ஜூலைத் தொடக்கத்தில் காரைக்காலில் காலரா பரவியதையடுத்து அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பாட்டி காலத்துக் கக்கல் கழிச்சல் எப்போதோ ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. காலராவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுள் ஒரே பெயர் கொண்ட கிருமி ஓரிடத்தில் சாதுவாகவும் இன்னோரிடத்தில் எமனாகவும் இருப்பதைப் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

காலராக் கிருமி ஒன்றுதானே? அதில் வகைகள் எங்கிருந்து வந்தன?

பெயர் ஒன்றுதான்: விப்ரியோ காலரே. ஆனால் அந்தப் பெயரில் அடங்கும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை காலராவை உண்டாக்குவதே இல்லை. ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களிலும் உப்பங்கழிகளிலும் நீரில் மிதக்கும் மிகச் சிறிய ஓட்டுயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அவை பாட்டுக்கு வாழ்கின்றன. மனிதக் குடல் அவற்றுக்குத் தேவையில்லை.

இத்தாலியின் பாச்சினி 1854இல் இந்தக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டு எழுதியபோது யாரும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து ராபர்ட் காக் கொல்கத்தாவில் அதைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற கணக்கு அப்போது உறுதிப்பட்டது. அந்த ஒரு கிருமிக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருப்பதும், அவற்றில் இரண்டு மட்டுமே இதுவரை கொள்ளை நோயாகப் பரவியிருப்பதும் தெரியவர இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தேவைப்பட்டது.

ஓ1, ஓ139 என்கிறார்களே, எண் கூடினால் ஆபத்தும் கூடுமா?

கூடாது. அவை வரிசை எண்கள், அவ்வளவுதான். இந்தக் கிருமியின் வெளிச்சவ்விலிருந்து சர்க்கரைச் சங்கிலிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நம் உடலின் எதிர்ப்பாற்றல் கிருமியை அடையாளம் காண்பது பெரும்பாலும் அந்தச் சங்கிலிகளை வைத்துத்தான். சங்கிலியின் அமைப்பு மாறினால் அடையாளமும் மாறும். இதைக் கிருமி போட்டிருக்கும் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய சட்டை ஒன்று தென்பட்டால் அடுத்த எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்வார்கள்.

சட்டையை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்தாலும் ஏமாந்து போவோம். நீர்நிலைகளில் எடுக்கப்படும் ஓ1 கிருமிகளில் பல, காலரா நச்சுக்கான மரபணுவே இல்லாதவை. மறுபுறம், கொள்ளை நோய்ப் பட்டியலில் இல்லாத ஓ75, ஓ141 பிரிவுகளில் சில அந்த நச்சைச் சுமந்துகொண்டு அமெரிக்காவில் ஆங்காங்கே கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கியிருக்கின்றன. ஆகவே சட்டை என்ன, கையில் நச்சு இருக்கிறதா என்று இரண்டையும் கேட்டாக வேண்டும்.

அந்த நச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணமா?

நீர்போல் வயிறு போவதற்கு அதுதான் காரணம். இதை நிரூபித்தவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டின் இரு முனைகளையும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். கட்டிய பகுதி நீர் கோத்து உப்பியது. பிறகு கிருமிகளை முழுவதும் வடிகட்டி, எஞ்சிய தெளிந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் உப்பியது. கிருமி உள்ளே இல்லாமலே அது கக்கிய பொருள் வேலையைச் செய்துவிட்டது. 1959இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த சிறு கட்டுரை அது. நூலும் முயலும் வடிகட்டியும் கொண்டு இவ்வளவு பெரிய கேள்வியைத் தீர்த்த மனிதருக்கு, 1985இல் அவர் இறக்கும் வரை நம் நாடு உரிய மரியாதையைச் செய்யவில்லை என்பது என் எண்ணம்.

நச்சு இரண்டு பகுதிகளால் ஆனது. ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள் குடல் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆறாவது துண்டு உள்ளே நுழையும். உள்ளே போனது, செல்லின் கட்டுப்பாட்டுப் புரதம் ஒன்றை ஓயாமல் இயங்கும் நிலையிலேயே பூட்டிவிடும். செல் குளோரைடு உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். உப்பின் பின்னால் தண்ணீரும் போகும். நோய் முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வெளியேறலாம். அரிசி களைந்த நீர்போல வெளுத்து, மலத்தின் நாற்றமே இல்லாமல் வரும். குடல் கிழிவதில்லை, அழுகுவதில்லை. உடல் வற்றித்தான் ஆள் சாகிறார்.

நச்சுள்ள வகைக்கும் இல்லாத வகைக்கும் மரபணுவில் எவ்வளவு வித்தியாசம்?

வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. வங்கதேசத்தில் 1975இல் எடுத்த ஓர் எல் டார் வகையின் (ஓ1இன் ஒரு கிளை, பின்னால் விரிவாகப் பார்ப்போம்) முழு மரபணுத் தொகுதி 2000இல் வெளியானது. இரண்டு குரோமோசோம்கள், சுமார் 40 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், ஏறக்குறைய 3,900 மரபணுக்கள். இதில் நச்சு மரபணுக்கள் உட்கார்ந்திருக்கும் துண்டு ஏறத்தாழ 7,000 எழுத்துகளே. குடலில் ஒட்டி வளரத் தேவையான நுண்ணிழைகளுக்கு இன்னொரு 40,000 எழுத்துகள். இவ்விரண்டு துண்டுகளும் இல்லாவிட்டால், மற்றதெல்லாம் இருந்தும் அது காலராவை உண்டாக்கும் கிருமி ஆகாது.

அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது?

ஒரு வைரஸிடமிருந்து. பாக்டீரியாக்களையும் வைரஸ்கள் தாக்கும். 1996இல் மேத்யூ வால்டார், ஜான் மெக்கலானோஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், காலரா நச்சின் மரபணு உண்மையில் இழை வடிவ வைரஸ் ஒன்றின் மரபணுத் தொகுதியில் அடங்கியது என்று கண்டார்கள். அந்த வைரஸ் கிருமியைக் கொல்வதில்லை. உள்ளே நுழைந்து, கிருமியின் குரோமோசோமிலேயே குடியேறி, அதன் சந்ததிகளோடு சேர்ந்து பெருகுகிறது.

இதில் நுட்பமான ஒரு கண்ணி உண்டு. வைரஸ் உள்ளே வரப் பற்றிக்கொள்வது, மேலே சொன்ன குடலில் ஒட்டும் நுண்ணிழையைத்தான். ஆக, ஒரு சாது வகை கொலைகாரனாக வேண்டுமென்றால் முதலில் நுண்ணிழைத் துண்டைப் பெற வேண்டும். அதன்பிறகே நச்சு வைரஸுக்குக் கதவு திறக்கும். அந்த இழைகளைக் கிருமி நன்றாக உருவாக்குவதோ குடலுக்குள் இருக்கும்போது. நம் வயிற்றிலேயேகூட ஒரு கிருமி இன்னொன்றுக்கு நச்சைக் கைமாற்றிவிடலாம் என்று இதற்குப் பொருள்.

காலரா மட்டும் இப்படி இல்லை. தொண்டை அடைப்பான் நோயின் நச்சும் வைரஸ் கொண்டுவந்த சரக்கே. அந்த வைரஸ் இல்லாத டிஃப்தீரியாக் கிருமி பலர் தொண்டையில் தொல்லையின்றிக் கிடக்கும்.

எல் டார் என்பது என்ன? பழைய காலராவும் இதுவும் ஒன்றா?

இரண்டுமே ஓ1 சட்டை போட்டவை, உடல்வாகு வேறு. எல் டார் என்பது எகிப்தின் சினாய்க் கரையில் மெக்கா யாத்திரை முடித்துத் திரும்புவோரைத் தங்கவைத்துச் சோதித்த ஊர். 1905இல் அங்கே, காலரா அறிகுறியே இல்லாமல் வேறு நோயால் இறந்தவர்களின் குடலிலிருந்து இந்தக் கிருமி எடுக்கப்பட்டது. காலராக் கிருமிபோலவே இருந்தது. ஆனால் காலரா இல்லை. பல பத்தாண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1930களில் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இதனால் மக்கள் இறந்தபோதும் அதற்குக் 'காலரா' என்ற தகுதி தரப்படவில்லை. 1961இல் அதே சுலவேசியிலிருந்து கிளம்பியது. 1962இல்தான் உலக சுகாதார நிறுவனம் இதையும் காலராக் கணக்கில் சேர்த்தது. 1964இல் இந்தியா, 1970இல் ஆப்பிரிக்கா, 1991இல் பெரு. ஏழாவது உலகப் பரவல் என்று சொல்லப்படும் இது இன்னும் முடியவில்லை.

பழைய வகை வந்தால் ஆளைக் கடுமையாகப் படுக்கவைக்கும். எல் டார் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது, அல்லது லேசாக வயிறு போகும். நடமாடிக்கொண்டே பரப்புவார்கள். நீரிலும் இது கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும். மெதுவாகக் கொல்கிற கிருமி வேகமாகக் கொல்கிற கிருமியை உலகத்திலிருந்தே விரட்டிவிட்டது. பழைய வகை 1980களில் வங்கதேசத்தில் மீண்டும் தலைகாட்டி, 1990களில் மறைந்துபோனது.

ஆனால் அதன் நச்சு மறையவில்லை. 2000களின் தொடக்கத்திலிருந்து வங்கதேசத்திலும் மொசாம்பிக்கிலும் பிற இடங்களிலும் எடுத்த எல் டார் கிருமிகளில் பழைய வகையின் நச்சு மரபணு இருந்தது. இன்று உலகில் சுற்றிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தக் கலப்புதான்.

1992இல் சென்னையில் என்ன நடந்தது?

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு உரிய பகுதி இது. 1992 அக்டோபரில் அப்போதைய மெட்ராஸில் காலரா போன்ற நோய் பரவியது. நோயாளிகளின் மலத்தில் விப்ரியோ காலரே இருந்தது. ஆனால் ஓ1 ஆன்டிசீரத்தோடு, அதாவது ஓ1 சட்டையை அடையாளம் காணும் எதிர்ப்புப் பொருள் கொண்ட சீரத்தோடு, சேர்த்தால் திரளவில்லை. அன்றைய பாடத்தின்படி ஓ1 அல்லாதது கொள்ளை நோயாகப் பரவக் கூடாது. இது பரவியது. மதுரை, வேலூர், பிறகு கொல்கத்தா, டிசம்பரில் வங்கதேசம்.

அதுவரை அறியப்பட்ட 138 பிரிவுகளின் ஆன்டிசீரங்களோடும் ஜப்பானில் சோதித்தார்கள். எதனோடும் பொருந்தவில்லை. எனவே 139. வங்காள விரிகுடாக் கரையோரமாகப் பரவியதால் 'பெங்கால்' என்று பின்னொட்டு வைத்தார்கள். முதலில் கண்ட ஊரின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. ஒருவகையில் தப்பித்தோம் என்றும் சொல்லலாம்.

மருத்துவர்களைத் திகைக்க வைத்தது நோயாளிகளின் வயது. காலரா நெடுங்காலமாக இருக்கும் ஊர்களில் அதிகம் பாதிக்கப்படுவது குழந்தைகள். பெரியவர்கள் ஏற்கெனவே பட்டுப் பட்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார்கள். இம்முறை மருத்துவமனைகளில் படுத்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். ஓ1 கொடுத்த பாதுகாப்பு இந்தப் புதிய கிருமியிடம் செல்லுபடியாகவில்லை.

மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. உள்ளே இருந்தது அதே ஏழாம் பரவலின் எல் டார். சட்டையைத் தைக்கும் மரபணுக்கள், ஏறக்குறைய 22,000 எழுத்துகள், நீக்கப்பட்டு அந்த இடத்தில் வேறொரு வகையின் 35,000 எழுத்துத் துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. நச்சு அப்படியே, நுண்ணிழை அப்படியே. போதாக்குறைக்கு, அன்று மெட்ராஸில் எடுத்து 'எம்ஓ10' எனப் பெயரிட்ட கிருமியில் கோட்ரைமாக்சசோல் உள்ளிட்ட மருந்துகளை எதிர்க்கும் மரபணுத் தொகுப்பு ஒன்றும் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அந்தத் தொகுப்பு பின்னாளில் எல் டாரிடமும் பரவலாகக் காணப்பட்டது.

எட்டாவது உலகப் பரவல் தொடங்கிவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். நடக்கவில்லை. ஓ139 ஆசியாவைத் தாண்டி நிலைகொள்ளவில்லை. ஓ1 திரும்பி வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஒரு கிருமி இன்னொன்றின் மரபணுவை எப்படிப் பெறும்?

வைரஸ் வழி ஒன்று. இன்னொன்று, செத்த கிருமிகளிடமிருந்து சிதறிக் கிடக்கும் டிஎன்ஏவை நேரே உறிஞ்சிக்கொள்வது. காலராக் கிருமி இதைச் செய்வது இறால், நண்டு இனங்களின் ஓட்டில் உள்ள கைட்டின் மேல் வளரும்போது என்று 2005இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் கைட்டின் மேல் ஓ1 கிருமியை வளர்த்து, ஓ139இன் டிஎன்ஏவைக் கொடுத்து, அதை ஓ139 ஆகவே மாற்றிக் காட்டினார்கள். சென்னையில் பரவிய வகையும் ஏதோ ஒரு கழிமுகத்தில் இப்படித்தான் உருவாகியிருக்கும் என்பது நல்ல ஊகம். நேரில் கண்ட சாட்சி இல்லை.

அப்படியானால் இறால் சாப்பிடலாமா?

தாராளமாக. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். கடல் இறாலில் விப்ரியோ காலரே இருப்பதாகச் சோதனை சொன்னால் அது பெரும்பாலும் ஓ1 அல்லாத, நச்சில்லாத வகை. கொதிக்கும் குழம்பில் எந்த வகையும் பிழைக்காது.

ஆய்வுக்கூடத்தில் எது எந்த வகை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மலத்தை முதலில் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் சில மணி நேரம் வைப்பார்கள். மற்ற குடல் கிருமிகள் அதில் திணறும். விப்ரியோ விறுவிறுவென்று பெருகும். மேல்பரப்பிலிருந்து ஒரு துளி எடுத்து, பச்சை நிறத்தில் இருக்கும் டிசிபிஎஸ் என்ற ஊடகத் தட்டில் இழுத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் அந்தப் பச்சையில் பளிச்சென்று மஞ்சள் புள்ளிகள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் முளைத்திருக்கும். அவற்றை வேறொரு சாதாரணத் தட்டுக்கு மாற்றி வளர்த்து, சிறிது எடுத்துப் பித்த உப்புக் கரைசலில் குழைத்தால், கிருமிகள் உடைந்து டிஎன்ஏ வெளியேறி, கம்பி வளையத்தைத் தூக்கும்போது பிசுபிசுவென்று நூலாக நீளும்.

இவ்வளவுக்குப் பிறகும் அது விப்ரியோ என்று மட்டுமே தெரியும். வகையைச் சொல்ல ஆன்டிசீரம் வேண்டும். கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டுக் கிருமியைக் கலந்து ஆட்டினால், பொருந்திய சீரத்தில் நொடிகளில் மணல்போல் திரளும். பொருந்தாததில் பால்போல் கலங்கலாகவே இருக்கும். நச்சு மரபணு இருக்கிறதா என்பதற்குப் பிசிஆர். மரபணு முழுவதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது பெரிய ஆய்வகங்களின் வேலை.

அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து என்ன பயன்?

ஹெய்ட்டியைக் கேளுங்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காலரா பதிவாகாத நாடு அது. 2010 அக்டோபரில், நிலநடுக்கம் நடந்த ஒன்பது மாதங்களில், ஆர்ட்டிபோனைட் ஆற்றோரம் திடீரென்று பரவியது. கடலோர நீரில் ஏற்கெனவே இருந்த கிருமி, நிலநடுக்கத்தால் தலைதூக்கியது என்று ஒரு சாரார் சொன்னார்கள். ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் தங்கியிருந்த முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்தது என்று ஊர் மக்கள் சொன்னார்கள். முழு மரபணுவை ஒப்பிட்டபோது ஹெய்ட்டிக் கிருமியும் அப்போது நேபாளத்தில் இருந்த கிருமியும் ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் ஒன்றாகவே இருந்தன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்த பிறகு, 2016 டிசம்பரில் அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். 'விப்ரியோ காலரே ஓ1' என்ற அளவிலேயே சோதனை நின்றிருந்தால் அந்த மன்னிப்பும் வந்திருக்காது.

ஒரே தண்ணீரைக் குடித்த வீட்டில் ஒருவருக்கு மட்டும் கடுமையாக வருவது ஏன்?

கிருமி ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. இரைப்பை அமிலம் பெரும்பாலான காலராக் கிருமிகளைக் கொன்றுவிடும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மிகக் குறைந்த எண்ணிக்கையே போதும். முன்பு தொற்றியிருந்தால் எதிர்ப்பாற்றல் இருக்கும். இரத்த வகைக்கும் பங்கு உண்டு: ஓ குரூப்காரர்களுக்குத் தொற்று அதிகம் வருவதில்லை, வந்தால் கடுமையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த ஓ வேறு, கிருமியின் ஓ வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வகை மாறினால் சிகிச்சையும் மாறுமா?

காலராவில் மாறாது. நச்சு எந்தச் சட்டைக்காரனிடமிருந்து வந்தாலும், குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் வழியை அது அடைப்பதில்லை. ஓஆர்எஸ் கரைசல் வேலை செய்வது அந்த வழியில்தான். 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோர பன்காவ் அகதி முகாமில் சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. எந்த வகைக் கிருமி என்று அங்கே யாரும் காத்திருக்கவில்லை. குடிக்கவே முடியாதவருக்கு, நாடி தளர்ந்தவருக்கு ஊசிவழி சலைன் உடனே வேண்டும். ஆன்டிபயாட்டிக் துணை மருந்துதான். எது பலிக்கும் என்பது மட்டும் வகைக்கு வகை மாறும்.

எல்லாக் குடல் நோய்க்கும் இதைப் பொதுவிதியாக்க வேண்டாம். ஈ.கோலை என்ற கிருமி நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது. அதன் கே12 வகை நூறாண்டாக ஆய்வகங்களின் வளர்ப்புப் பிள்ளை. ஓ157 வகையில் அதைவிட ஆயிரத்துக்கும் அதிகமான மரபணுக்கள் கூடுதல். அவற்றுள் ஒன்று, இங்கேயும் வைரஸ் கொண்டுவந்த ஷிகா நச்சு. 2011இல் ஜெர்மனியில் ஓ104 என்ற வேறொரு வகை, எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையின் முளைகள் வழியாகப் பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஷிகா நச்சு வகைகளில் இரத்தத்தோடு வயிறு போகும்; சிறுநீரகம் செயலிழக்கலாம். சில ஆன்டிபயாட்டிக்குகள் கொடுத்தால் நச்சு இன்னும் கூடுதலாக வெளிவரும் அபாயம் இருப்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள். மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரை இங்கே ஆளுக்கே கெடுதலாக முடியலாம்.

தடுப்பு மருந்து எல்லா வகைக்கும் பலிக்குமா?

உள்ளே என்ன வகைகளைச் சேர்த்திருக்கிறார்களோ அவற்றுக்கே. ஹைதராபாத்தில் தயாராகி 2009இல் இந்தியாவில் அனுமதி பெற்ற 'ஷான்கால்' என்ற வாய்வழி மருந்தில் கொல்லப்பட்ட ஓ1, ஓ139 இரண்டுமே இருந்தன. அமெரிக்காவில் 2016இல் அனுமதி பெற்ற இன்னொன்று உயிருள்ள கிருமி: பழைய வகைக் காலராக் கிருமியிலிருந்து நச்சின் செயல்படும் துண்டுக்கான மரபணுவை வெட்டியெடுத்தது. அதைப் பயணிகள் தண்ணீரில் கலந்து குடிக்கிறார்கள்.

'ஓ1 அல்லாத விப்ரியோ' என்று ரிப்போர்ட் வந்தால் பயப்படத் தேவையில்லையா?

பெரும்பாலோருக்குத் தேவையில்லை, சில நாள் வயிறு போய்ச் சரியாகிவிடும். நீரிழப்பை மட்டும் கவனித்தால் போதும். கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள் விதிவிலக்கு. கொள்ளை நோயாகப் பரவத் தெரியாத இந்த வகைகள் அவர்களுக்கு இரத்தத்தில் நுழைந்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். அப்படிப்பட்டவர்கள் பச்சைச் சிப்பி, வேகாத மீன் பக்கம் போகக் கூடாது. காலில் புண்ணோடு கழிமுக நீரில் இறங்கவும் கூடாது. காய்ச்சலோடு வயிறு போனால், கல்லீரல் நோய் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.